மெஷின் டிரா என்கிறது, அண்ணாச்சி ஜெயிக்கிறார்

ஆடி முடித்த ஆட்டத்தை ஸ்டாக்ஃபிஷ் என்கிற செஸ் மெஷினில் ஓட்டிப் பார்ப்பதைத்தான் பாதிப் பேர் செஸ் பயிற்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் பட்டை ஓரத்தில் ஏறுகிறது, இறங்குகிறது. நடுவில் சிவப்பாக இரண்டு கேள்விக்குறி விழுகிறது. "சே, இங்கதான் விட்டுட்டேன்" என்று ஓர் உச்சுக்கொட்டல். அப்புறம் அடுத்த ஆட்டம். இதில் கை தேறுவதற்கு ஒன்றுமே இல்லை என்பது என் கட்சி.

எனக்குத் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை. திங்கட்கிழமை மனு வாங்கும் நாள், அன்றைக்கு மூச்சுவிட நேரம் கிடைக்காது. மற்ற நாட்களில் மத்தியானத்துக்கு மேல் வெயில் ஆட்களை விரட்டிவிடும். வாசலில் மேசை போட்டு மனு எழுதும் அண்ணாச்சி அப்போதுதான் உள்ளே வருவார். ஃபேனுக்கு அடியில் போர்டை விரிப்போம். ஆட்டத்தைத் தொடங்கும் முறைகள் இருக்கிறதே, அந்த ஓப்பனிங் பெயர் ஒன்றுகூட அண்ணாச்சிக்குத் தெரியாது. ஆனால் ஆளுக்கொரு யானை, அவருக்கு ஒரு சிப்பாய் கூடுதல் என்று ஆட்டம் சுருங்கிவிட்டால் போதும், என்னைக் கரும்பு பிழிகிற மாதிரி பிழிந்துவிடுவார்.

அப்படித் தோற்ற ஆட்டங்களைக் கடைக் கம்ப்யூட்டரில் லிசெஸ் என்கிற செஸ் இணையதளத்தில் ஏற்றிப் பார்த்தால், பல இடங்களில் 0.00 என்று காட்டியது. அதாவது டிரா. அண்ணாச்சியிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"அப்படியா தம்பி? அப்ப தோத்தது யாரு?"

அந்தப் பூஜ்யம், இரண்டு பக்கமும் பிசகாமல் ஆடினால் வருகிற பூஜ்யம். காய்கள் ஏழுக்குள் வந்துவிட்டால் யோசிக்கவே வேண்டியதில்லை, எல்லா நிலைக்கும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்த சிசிஜி டேபிள்பேஸில் விடை ரெடியாக இருக்கிறது. ஏழு காய் வரைக்கும் 2018-லேயே முடித்துவிட்டார்கள். மற்ற எண்களையும் நாம் தப்பாகத்தான் படிக்கிறோம். +1 என்றால் ஒரு சிப்பாய் கூட இருப்பதற்குச் சமம் என்று பலரும் சொல்வார்கள். 2022 கடைசியில் வந்த 15.1 பதிப்பிலிருந்து அந்தக் கணக்கு மாறிவிட்டது. ஸ்டாக்ஃபிஷ் தன்னோடு தானே ஆடினால் பாதிக்குப் பாதி ஜெயிக்கக்கூடிய நிலைதான் இப்போது +1. நானும் அண்ணாச்சியும் ஸ்டாக்ஃபிஷ் இல்லையே.

நம்மை விடுங்கள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகச் சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டமான பதினான்காவது ஆட்டம். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான். டிராவில் முடியும் என்றுதான் எல்லாரும் இருந்தார்கள். 55-ஆவது நகர்வில், அதுவரை சாம்பியனாக இருந்த டிங் லிரென் யானையை ஒரு கட்டம் தப்பாக வைத்தார். யானைக்கு யானை போய், பிஷப்புக்கு பிஷப் போய், வெறும் சிப்பாய் ஆட்டமானது. பதினெட்டு வயதில் நம்ம ஊர்ப் பையன் உலகச் சாம்பியன். டிரா என்பது கையால் காப்பாற்ற வேண்டிய சமாச்சாரம்.

அதைப் பழகுவதற்கு லிசெஸ்ஸில் காசில்லாமல் ஒரு வழி இருக்கிறது. போர்டு எடிட்டரில் வேண்டிய நிலையை நாமே அடுக்கிவிட்டு, 'கன்டினியூ ஃப்ரம் ஹியர்' என்பதைத் தட்டி, மெஷினோடு அங்கிருந்தே ஆடலாம். நான் முதலில் அடுக்கியது பிலிடோர் நிலை: ஆளுக்கொரு யானை, எதிரிக்கு ஒரு சிப்பாய் கூடுதல், நாம் டிரா பண்ணவேண்டும். ஆபராவுக்கு இசையமைத்துக்கொண்டே செஸ்ஸிலும் கொடிகட்டிய பிலிடோர் என்ற பிரெஞ்சுக்காரர் 1777-இல் எழுதிவைத்தது.

எதிரி சிப்பாய் அவர் பக்கமிருந்து எண்ணினால் ஐந்தாவது வரிசையில், அதை ஒட்டி அவர் ராஜா. நம் ராஜா அந்தச் சிப்பாய் ராணியாகவேண்டிய கட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. நம் யானை நம் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் நிற்கவேண்டும். அங்கே நின்றால் எதிரி ராஜா அந்த வரிசையைத் தாண்ட முடியாது. நாம் யானையை அதே வரிசையில் இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டு சும்மா இருக்கலாம். முன்னேற வேண்டுமென்றால் எதிரி சிப்பாயைத் தள்ளித்தான் ஆகவேண்டும். தள்ளிய உடனே யானையை எதிரியின் முதல் வரிசைக்கு இறக்கி, பின்னாலிருந்து செக், செக், செக். எதிரி ராஜா ஒளிய இருந்த ஒரே இடத்தைச் சிப்பாயே போய் அடைத்துக்கொண்டது, அதனால் போக்கிடம் இல்லை. யானை ஒரு நகர்வு முந்தி இறங்கினால் அந்த இடம் காலியாக இருக்கும், ராஜா அங்கே புகுந்துகொள்ளும். அப்புறமும் டிராதான், ஆனால் படாத பாடு.

இதில் ஒரு வேடிக்கை. லெவல் எட்டு வரை இருக்கிறதே என்று உச்சத்தில் வைத்தால் பயிற்சியே நடப்பதில்லை. டிரா என்று தெரிந்துவிட்ட மெஷினுக்கு எந்த நகர்வும் ஒன்றுதான், அதுபாட்டுக்கு யானையை இங்கும் அங்கும் உருட்டிக்கொண்டிருக்கும். நம்மை ஏமாற்றவேண்டும் என்ற எண்ணம் அதற்குக் கிடையாது. மூன்று, நான்கில் வைத்தால் முரட்டுத்தனமாகத் தள்ளிக்கொண்டு வரும், அதுதான் உதவுகிறது. பஸில்களும் போடுகிறேன், கண் பழகும், அது வேறு கதை. ஓப்பனிங்குகளைத் தேடிப் பார்க்கிற ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர் பக்கம் போவதில்லை. என் லட்சணத்துக்கு அதற்கு அவசியம் வரவில்லை.

மெஷினோடு பழகியதும் அதே நிலையை நிஜப் போர்டில் வைத்து அண்ணாச்சியைத் தாக்கச் சொன்னேன். அவர் தள்ளவே இல்லை. யானையை ஓரத்துக்குக் கொண்டுபோனார், ராஜாவைப் பின்னால் இழுத்தார், மறுபக்கமாகச் சுற்றி வந்தார், நடுவில் பட்டா மாறுதல் மனு ஒன்றை எழுதி முடித்தார், திரும்ப வந்து உட்கார்ந்தார். என் யானை வரிசையைவிட்டு அசையவில்லை. சாயங்காலம் டீ வந்த பிறகுதான் சிப்பாயைத் தொட்டார். யானையை இறக்கினேன்.

நாலைந்து செக் வாங்கிவிட்டுக் காய்களை டப்பாவில் அள்ளிப் போட்டார். "நாளைக்கு நீ தாக்கு, நான் தடுக்கேன். அந்த மெஷின்ட்ட கேட்டுட்டு வராத" என்றார்.