முதல் வரைவிலிருந்து ராயல்டி கணக்கு வரை

நாளுக்கு 300 சொல், வாரத்தில் ஆறு நாள். அப்படி எழுதினால் வாரம் 1,800 சொல் சேரும். 50,000 சொல் நாவலின் முதல் வரைவு 28 வாரத்தில் கைக்கு வந்துவிடும். வேறு வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவருக்கும் எட்டக்கூடிய அளவு இது. நாளுக்கு 2,000 என்று தொடங்குகிறவர் ஒரு நாள் தவறவிட்டால் மறுநாள் 4,000 பாக்கி நிற்கும். அந்தப் பாக்கிக்குப் பயந்தே மேசைப் பக்கம் போகாமல் இருந்துவிடுவார். விட்ட நாளை விட்டதாகவே வையுங்கள், அடுத்த நாளும் 300தான்.

வரைவு முடிந்ததும் மூன்று வாரமாவது அதைத் தொடவேண்டாம். பிறகு அச்செடுத்து, பேனா இல்லாமல் ஒருமுறை முழுக்க வாசியுங்கள். திருத்தத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது: முதலில் அத்தியாயங்கள், எது வேண்டும், எது எங்கே வரவேண்டும் என்பது. அடுத்து காட்சிகள், அதன்பின் வாக்கியங்கள், கடைசியில் ஒற்றும் சந்தியும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நான்கு நாள் இழைத்த வாக்கியங்கள் இருக்கும் அத்தியாயத்தை வெட்ட மனம் வராது. தேவையில்லாத அத்தியாயம் புத்தகத்தில் அப்படித்தான் தங்கிவிடுகிறது. வாக்கியத் திருத்தத்தின்போது வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தையும், ஒரே சொல் அடுத்தடுத்து வருவதையும் காது பிடித்துவிடும், கண் பிடிக்காது.

அனுப்புவதற்கு ஒரு நோட்டு வேண்டும். படைப்பின் பெயர், எங்கே அனுப்பியது, எந்தத் தேதி, ஒரே நேரத்தில் வேறிடத்துக்கும் அனுப்ப அனுமதி உண்டா, பதில் என்ன என்று ஐந்து கட்டம் போதும். ஒரே கதையை இரண்டு இதழ்கள் ஏற்றுக்கொண்டு, இரண்டிலும் பெயர் கெடுவது இந்த நோட்டு இல்லாததால்தான். பதிப்பாளருக்கு அனுப்பும் கதைச்சுருக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதில் முடிவையும் சொல்லிவிடுங்கள். ‘மீதியை நூலில் காண்க’ என்று நிறுத்தினால், கதையை முடிக்கத் தெரிந்தவரா என்று அவர் கணிக்க வழியில்லை. படைப்பு திரும்பி வந்ததற்குக் காரணம் சொல்லப்படவில்லை என்றால் தேடவும் வேண்டாம். நீளம் பொருந்தாமல் போயிருக்கலாம், அதே பொருளில் வேறொன்று ஏற்கெனவே கையில் இருந்திருக்கலாம். ஆனால் ஆசிரியர் தம் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தால் அது பெரிய விஷயம். ஓரிரு மாதத்துக்குள் அவருக்கே அடுத்த படைப்பை அனுப்புங்கள்.

ஒப்பந்தம் வந்த மகிழ்ச்சியில் படிக்காமலே கையெழுத்திடுகிறவர்கள் ஏராளம். எழுத்தைத் தொழிலாகக் கொள்கிறவர் அதிகம் இழப்பது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

படைப்புரிமைக்காக நாடுகள் தமக்குள் 1886இல் கையெழுத்திட்ட பெர்ன் உடன்படிக்கை இன்றிருக்கும் வடிவில், எழுதிய கணமே பதிப்புரிமை எழுதியவருடையது. பதிவு செய்யவேண்டிய கட்டாயமில்லை. பொதுவிதியாக, ஆசிரியர் இறந்த பின்னும் குறைந்தது 50 ஆண்டு அது நீடிக்கும். அவ்வளவு நீண்ட சொத்தை ஒரே வரியில் எழுதிக்கொடுத்துவிட முடியும் என்பதுதான் ஆபத்து. ‘அனைத்து உரிமைகளையும் நிரந்தரமாக’ என்ற சொற்களைக் கண்டால் நிறுத்துங்கள். கொடுக்கவேண்டியது வெளியிடும் அனுமதி மட்டுமே: எந்த மொழி, அச்சா மின்னூலா ஒலிநூலா, எந்தெந்த நாடு, எத்தனை ஆண்டு என்று நான்கும் எழுத்தில் இருக்கவேண்டும். மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகளை அந்தப் பதிப்பகம் பயன்படுத்தப் போவதில்லை என்றால் அவை உங்களிடமே இருக்கட்டும்.

ராயல்டியில், அதாவது விற்பனைக்கேற்ப ஆசிரியருக்கு வரும் பங்கில், சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எதன்மேல் சதவீதம் என்று பாருங்கள். 100 விலையுள்ள புத்தகம் 50 சதவீதக் கழிவில் விற்பனையாளருக்குப் போகிறது என்று வையுங்கள். அட்டை விலையில் 10 சதவீதம் என்றால் பிரதிக்கு 10 கிடைக்கும். பதிப்பாளர் கைக்கு வந்த தொகையில் 10 சதவீதம் என்றால் 5தான். ஆயிரம் பிரதிக்கு 10,000க்கும் 5,000க்கும் உள்ள வித்தியாசம் இது. முன்பணம் வாங்கியிருந்தால், அது ராயல்டியில் கழிந்து தீரும்வரை வேறு பணம் வராது. கடையிலிருந்து திரும்பி வரும் பிரதிகளுக்காக ஒரு பகுதியைப் பிடித்து வைப்பதும் உண்டு. எவ்வளவு, எத்தனை மாதம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஆண்டுக்கு எத்தனை முறை விற்பனை அறிக்கை வரும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும்.

வெளியிடும் உரிமை ஆசிரியருக்கே திரும்பும் விதியும் முக்கியம். ‘பிரதிகள் தீர்ந்து மறுபதிப்பு இல்லையென்றால்’ என்ற பழைய வாசகம் இப்போது பயன்படாது. யாராவது கேட்டால் ஒரே ஒரு பிரதியைக்கூட அச்சிட்டுத் தரும் முறை வந்தபின் எந்தப் புத்தகமும் தீர்ந்துபோவதில்லை. எண்ணாகவே எழுதச் சொல்லுங்கள்: 12 மாதத்தில் 50 பிரதிக்குக் கீழே விற்றால், ஆசிரியர் கடிதம் கொடுத்த 90 நாளில் உரிமை திரும்பும் என்பதுபோல.

மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்க அனுப்பும் பக்கங்கள், வரும்போது நாவலைத் திரும்ப எழுத உட்காராதீர்கள். ஒரு பத்தியைச் சேர்த்தால் பக்கங்கள் நகரும். அச்சில் பெரும்பாலும் 16 பக்கம் ஒரு ஃபாரம், அதாவது சேர்த்து அச்சாகும் ஒரு தொகுதி, என்பதால், 193ஆம் பக்கத்துக்கு நாலு வரி வழிந்தாலும் அச்சகத்துக்குத் தலைவலி, உங்களுக்கும் தாமதம்.

முதல் முன்பணத்தை நம்பி வேலையை விடவேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. எழுத்துப் பணம் மொத்தமாக வரும், பிறகு மாதக்கணக்கில் வராது. இரண்டு மூன்று புத்தகங்களின் அறிக்கைகளை அருகருகே வைத்து, பழைய புத்தகம் மூன்றாவது ஆண்டிலும் எவ்வளவு தருகிறது என்று பாருங்கள். அந்தத் தொகையை வைத்து மட்டும் முடிவெடுங்கள். இடையில் மெய்ப்புப் பார்ப்பது, மொழிபெயர்ப்பு, பிரதி செம்மையாக்கம் எதையும் செய்யலாம். மொழிபெயர்ப்பு மட்டும் சொந்த எழுத்துக்கான அதே தெம்பை உறிஞ்சிவிடும். உங்கள் 300 சொல்லைக் காலையிலேயே எழுதி முடித்துவிட்டு மொழிபெயர்ப்பை மதியத்துக்குத் தள்ளுங்கள்.