லத்தேரி பக்கத்துல ஒரு அடி மண்ணு

எங்க கொல்லைய, அதாவது பயிர் வெக்கற நிலத்த, ஒட்டி இருந்த நாலு ஏக்கர் பிளாட் ஆயிடுச்சி. காட்பாடியிலேர்ந்து குடியாத்தம் போற வழியில லத்தேரி தாண்டி உள்ள போகணும், ரயில் சத்தம் கேக்கற தூரம்தான். பொங்கல் முடிஞ்ச கையோட ஜேசிபி இறங்குச்சி, ரெண்டே நாள்ல வரப்பெல்லாம் காணோம், மூணாம் நாள் வெள்ளையடிச்ச கல்லு நட்டாங்க. நடுவுல ஒரு பழைய புளியமரமும் ரெண்டு வேப்பமரமும் இருந்துச்சி, அதெல்லாம் சாய்ச்சிட்டாங்க. ஓரத்துல இருந்த பனைய மட்டும் தொடல, கலெக்டர் பர்மிஷன் இல்லாம பனைய வெட்டக் கூடாதுன்னு 2021 வேளாண் பட்ஜெட்ல சொன்னாங்க இல்ல, அந்த பயம்.

ஊர்ல ஒரு வாரம் புளியமரத்த பத்தியேதான் பேச்சு. எனக்கும் மனசு ஆறல, மல்லாட்ட, அதான் வேர்க்கடலை, புடுங்க வர்றவங்க மதியம் சோறு சாப்பிட்ட நிழல் அது. ஆனா நான் பாத்துட்டே இருந்தது லாரிய. மேல் மண்ண ஒரு அடிக்கு வழிச்சி லாரியில ஏத்திட்டு இருந்தாங்க. எங்க போகுதுன்னு டிரைவர கேட்டேன், "சூளைக்குண்ணா, செங்கல்லுக்கு நல்ல மண்ணாம்"னு சொல்லிட்டு போயிட்டாரு. அந்த மண்ணுக்காக யாரும் ஒரு வார்த்த பேசல. அதனாலதான் அந்த மண்ணுக்குள்ள இருக்கற கார்பன பத்தி இத எழுதறேன்.

கார்பன்னு சொன்னாலே நமக்கு மரம்தான் ஞாபகம் வருது. காஞ்ச மரத்தோட எடையில பாதிக்கு கிட்ட கார்பன்தான், அது உண்மை. ஆனா மண்ணுக்குள்ள இருக்கறது அத விட ரொம்ப ஜாஸ்தி. உலகம் பூரா மேல ஒரு மீட்டர் ஆழத்து மண்ணுல மட்டும் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கார்பன் இருக்குன்னு கணக்கு போட்டிருக்காங்க, காத்து மண்டலத்துல இருக்கறத விட இது ஒன்றரை மடங்குக்கு மேல. நம்ம நாட்டு காட்டுக்கு கணக்கு எடுக்கற இந்திய வன ஆய்வு நிறுவனத்தோட 2023 அறிக்கைய பாத்தா மொத்த காட்டுக் கார்பன் 7,285.5 மில்லியன் டன், அதுல பாதிக்கு மேல மண்ணுல இருக்கறதுதான். காட்டுலயே அப்படின்னா மரமே கம்மியா இருக்கற கொல்லையில கிட்டத்தட்ட எல்லாமே மண்ணுதான்.

சரி ஒரு ஏக்கருக்கு எவ்ளோன்னு நானே உக்காந்து கணக்கு போட்டு பாத்தேன். ஒரு ஏக்கர்ல ஒரு அடி ஆழத்துக்கு மண்ணு எடுத்தா எடை சுமார் 1,700 டன் வரும். எங்க கொல்லையோட மண்வள அட்டையில அங்கக கார்பன், அதாவது மக்கின இலை, வேர்லேர்ந்து வந்த கார்பன், 0.5 சதவீதம் கிட்ட போட்டிருக்காங்க, 0.5க்கு கீழ போனா கம்மின்னு அர்த்தம், நம்ம பக்கத்து செம்மண்ணு பெரும்பாலும் அந்த கோட்டுக்கு கீழயோ கோட்டு மேலயோதான் நிக்கும். கீழ போகப் போக கார்பன் கொறையும், அதையும் கழிச்சி ஒரு ஏக்கருக்கு 7 டன்னுன்னு வெச்சிக்கிட்டேன். ஒரு டன் கார்பன் காத்துல போனா 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு ஆகும், அப்ப 7 டன்னுக்கு 25 டன்னுக்கு மேல வருது. பெட்ரோல்ல சொல்லணும்னா சுமார் 11,000 லிட்டர் எரிச்சா வர்ற அளவு. மரத்துல சொல்லணும்னா, ஒரு மீட்டர் சுத்தளவு இருக்கற வேப்பமரத்துல வேரோட சேத்து ஏறக்கொறைய 200 கிலோ கார்பன் இருக்கும், அந்த மாதிரி 30 மரத்துக்கு மேல. ஒரு ஏக்கருக்கு! நாலு ஏக்கருக்கு நீங்களே பெருக்கிக்கோங்க.

மண்ணு எங்கயோ போய் மண்ணாத்தானே கெடக்கும்னு கேக்கலாம். வேற கொல்லையில கொட்டினா அப்படித்தான், கொஞ்சம் மிஞ்சும். ஆனா சூளையில வெந்தா அதுல இருக்கற அங்ககப் பொருள் பூரா எரிஞ்சி பொகையா போயிடும். மிச்சம் இருக்கற தரை மேல கிராவல் கொட்டி ரோலர் ஓட்டுவாங்க, அப்பறம் ரோடு, அப்பறம் வீடு. புதுசா இலையும் வேரும் உள்ள போக வழியே இல்ல. அந்த கிராவலும் எங்கயோ ஒரு குன்ற வெட்டி வந்ததுதானே, அதனால ஒரு லேஅவுட்டுக்கு ரெண்டு எடம் போகுது.

ஆனா ஒண்ணு, பிளாட் போடறவங்கள மட்டும் சொல்றது நியாயம் இல்ல. அந்த கொல்லையே ஒரு காலத்துல காடாத்தான் இருந்திருக்கும், நம்ம பக்கம் இயற்கையா வளர்றது இலையுதிர் காடும் முள்ளுக் காடும்தான், ஜவ்வாது மலையில அமிர்தி பக்கம் போனா இன்னும் பாக்கலாம். காட்ட அழிச்சி ஏர் ஓட்டினா மண்ணு கார்பன்ல சராசரியா 42 சதவீதம் போயிடுதுன்னு பல நாட்டு அளவுகள சேத்து பாத்த ஒரு ஆய்வு 2002ல வந்துச்சி. ஏன்னா உழும்போது மண்ணு கட்டி ஒடையுது, உள்ள பத்திரமா இருந்த மக்குக்கு காத்து படுது, நுண்ணுயிரு சாப்பிட்டு வெளிய விடுது. நம்ம வேலூர் வெயில்ல இந்த வேலை இன்னும் வேகமா நடக்கும்.

எங்க தாத்தா காலத்துல அந்த நஷ்டத்துக்கு ஈடு கட்ட ஒரு வழி இருந்துச்சி. மல்லாட்டைய வேரோட புடுங்கிடறோம், மண்ணுக்கு மிஞ்சறது ஒண்ணும் இல்ல, ஆனா கொடி மாட்டுக்கு போகும், மாடு சாணி போடும், அந்த எருவ வண்டியில அடிச்சி கொல்லையில கொட்டுவாங்க. அறுப்பு முடிஞ்சா ஆட்டுக்கிடை போடுவாங்க. கோடையில ஏரி காஞ்சதும் வண்டல் அள்ளிட்டு வந்து கொட்டுவாங்க, மழையில கொல்லையிலேர்ந்து அடிச்சிட்டு போன சத்துதான் ஏரியில படிஞ்சி திரும்ப வருது. இப்ப மாடு இல்ல, கிடை போட ஆளு இல்ல. 2017ல அரசாங்கம் வண்டல் இலவசமா எடுத்துக்கலாம்னு சொன்னப்ப அப்பா ரொம்ப சந்தோஷப்பட்டாரு, ஆனா டிராக்டர் வாடகை கட்டுப்படியாகாம கொஞ்சம்தான் அடிச்சாரு. அதுலயும் ஏரிக்கு வர்ற கால்வாய் மேலயே வீடு கட்டிட்டா வண்டல் எங்கேர்ந்து வரும் சொல்லுங்க.

இன்னொரு விஷயமும் சொல்லணும். லேஅவுட் போட்டு பத்து வருஷம் ஆகியும் வீடு கட்டாம கெடக்கற எடம் இங்க நெறைய இருக்கு, அங்க சீமைக் கருவேலம் மண்டி போய் பச்சையா இருக்கும். அதுவும் கார்பன புடிக்குதுதானேன்னு ஒரு ஃப்ரெண்ட் கேட்டான். புடிக்குது, நான் இல்லைன்னு சொல்லல, வேரும் ஆழமா போகும். ஆனா அத ஒரு நாள் வெட்டி கரி மூட்டம் போடுவாங்க, இல்லன்னா வீடு கட்ட ஜேசிபி வரும். எத்தன வருஷம் நிக்கும்னு தெரியாத கார்பன பேங்க்ல போட்ட பணம் மாதிரி நம்ப முடியாது.

வேலூர சொல்லும்போது ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலைன்னு ஒரு பேச்சு உண்டு. சின்ன வயசுல அத கேட்டா எனக்கு கோவம் வரும். மலைய பசுமையாக்க இப்ப நெறைய பேர் கன்னு நடறாங்க, 2022ல ஆரம்பிச்ச பசுமை தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தோட பசுமைப் பரப்ப 33 சதவீதமா ஆக்கணும்னு சொல்லுது, அது நடக்கணும்னு மனசார ஆசப்படறேன். ஆனா மலையடிவாரத்துல கன்னு நட்டுட்டு இந்த பக்கம் ஏக்கர் ஏக்கரா மேல் மண்ண சூளைக்கு அனுப்பினா எந்த கணக்கு எங்க நேராகும்? பெரிய லேஅவுட்னா 10 சதவீதம் பார்க்குக்கு விடணும்னு ரூல் இருக்கு. அதே மாதிரி மேல் மண்ண வழிச்சா அத ஒரு ஓரமா குமிச்சி வெச்சி பார்க்குக்கோ பக்கத்து கொல்லைக்கோதான் போடணும்னு ஒரு ரூல் வந்தா எவ்ளோ நல்லா இருக்கும். பைசா செலவு கூட பெருசா ஆகாது.

நாலாம் நாள் காலையில நானும் அப்பாவும் அங்க வேலை பாத்த மேஸ்திரிய போய் பாத்தோம். சூளைக்காரரு குடுக்கற ரேட்டயே நாங்களும் தர்றோம், மிச்சம் இருக்கற மண்ண எங்களுக்கு குடுங்கன்னு கேட்டோம். "இன்னாத்துக்கு சார், உங்க கிட்டதான் மண்ணு இருக்கே"ன்னு அவரு கேட்டாரு. அப்பா ஒண்ணும் சொல்லல, குனிஞ்சி ஒரு கை மண்ண அள்ளி அவரு கையில வெச்சாரு. பதினோரு டிராக்டர் லோடு குடுத்தாரு. எங்க கொல்லை கோடியில, மண்ணு ரொம்ப மெலிஞ்சி போன எடத்துல பரப்பி விட்டிருக்கோம், ஆடி மழைக்கு அது மேல சணப்பு வெதச்சி பூ எடுக்கறப்ப மண்ணுக்கு பசுந்தாள் உரமா மடக்கி உழலாம்னு இருக்கோம். புளியமரத்து அடியில இருந்த மண்ணும் அதுல வந்திருக்கு, பரப்பும்போது புளியங்கொட்ட நாலஞ்சி கெடச்சிது. அப்பா அத எடுத்து வரப்போரமா ஊனி வெச்சிருக்காரு.