பெட்டி வாசிக்கிறவனின் நாட்குறிப்பு

ஜூன் 9, ஞாயிறு

காலையில் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கிய தம்பிக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். "அய்யா, பெட்டி வாசிக்கிறவரு நீங்கதானே?" என்றார். பெட்டி என்றால் ஆர்மோனியம். என்னை அப்படிக் கேட்டு ஒருவர் வந்து பல வருடமாகிறது. சேலத்தில் இந்தக் குகைத் தெருவில் நான் நூற்பாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன், அவ்வளவுதான்.

அந்தக் காலத்து நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்க்கையை நாடகமாகப் போடுகிறார்களாம். எட்டுப் பாட்டு. வசனமும் வரிகளும் தம்பியே எழுதிவிட்டார், மெட்டு மட்டும் வேண்டும். ஆடித் திருவிழாவின் வண்டி வேடிக்கை முடிந்து ஊர் கொஞ்சம் ஓய்ந்த பிறகு ஆகஸ்டில் மேடையேற்றம். "சுவாமிகளே ஆயிரம் பாட்டு எழுதி வெச்சிருக்காரே தம்பி, அப்புறம் நான் எதுக்கு?" என்று கேட்டேன். அவர் நடத்திய நாடகங்கள் வரும் இடத்தில் அவர் பாட்டு, அவர் வாழ்க்கை வரும் இடத்தில் புதுப்பாட்டு என்றார். யோசித்துத்தான் வந்திருக்கிறார்.

சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 12, புதன்

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். அப்பாவின் பெட்டி, இரட்டை ரீட். துருத்தியின் மடிப்பில் எலி ஒரு மூலையைத் தின்றிருந்தது. ஆட்டுத்தோல் துண்டு வெட்டி ஒட்டினேன். நடு ஸ்தாயியில் இரண்டு ரீட் வாய் திறக்கவில்லை. கழற்றிப் பார்த்தால் பஞ்சுத் தூசி. தறிக்காரர் வீட்டுப் பெட்டி வேறெப்படி இருக்கும்! பழைய சினிமா டிக்கெட்டை ரீடின் நாக்குக்கு அடியில் நுழைத்து இழுப்பது அப்பாவின் வைத்தியம். டிக்கெட் கிடைக்காததால் கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டேன்.

அப்பா பகலில் தறி, ராத்திரியில் ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். ஒத்திகையே கிடையாது. மேடையில்தான் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். அவர்களைச் சேர்த்துக் கட்டுகிற கயிறு பெட்டிக்காரர். 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை இருந்தது. சுரத்தை அசைத்து வளைக்கிற கமகம் வராத வாத்தியம் என்பது முக்கியமான குற்றச்சாட்டு. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அப்பா, "ரேடியோவுல வேண்டாம்னா போகட்டும், மாரியாத்தா வேணும்னுதானே கூப்பிடறா" என்பார்.

ஜூன் 16, ஞாயிறு

ஸ்கிரிப்டை முழுதாகப் படித்தேன். சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். நாடகத்துக்கு வருமுன் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதியிருக்கிறார். இதைப் படித்ததும் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம், மறைப்பானேன். ஆனால் அவர் இருபத்து நாலு வயதில் கணக்கை மூடிவிட்டு வந்துவிட்டார். நான் ஐம்பத்தெட்டு வரை மூடவில்லை.

முதலில் நடிகர். இரணியன், எமன், சனீஸ்வரன் என்று எல்லாமே பயங்கர வேஷம். சனீஸ்வரன் வேஷத்தோடு விடியற்காலையில் குளத்துக்குப் போனபோது, அந்தக் கோலத்தைக் கண்ட ஒரு பெண்ணுக்கு அதிர்ச்சியில் விபரீதமாகிவிட்டது என்றும், அதோடு அவர் அரிதாரம் பூசுவதையே விட்டார் என்றும் சொல்லுவார்கள். அப்புறம்தான் முழுநேரமாக எழுத்தும் மெட்டும் ஆசிரியர் வேலையும்.

தம்பி தவறவிட்ட ஒன்றை நான் சேர்க்கச் சொன்னேன். புதுக்கோட்டையில் கஞ்சிரா மான்பூண்டியா பிள்ளையிடம் சுவாமிகள் இருந்த காலம். அவருடைய சந்தங்கள் அப்படிக் குதிரை மாதிரி ஓடுவதற்குக் காரணம் அந்த லய வீடுதான். அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர் டி.கே. சண்முகம் சொல்லியிருக்கிறார். தாளம் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தால்தான் கை அந்த வேகத்துக்கு எழுதும்.

நான் மூன்று நாளாக ஒரு பல்லவியில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

கோரிமேட்டில் ஒரு மொட்டை மாடி. முதல் ஒத்திகை. மிருதங்கத்துக்குச் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு அண்ணன் வந்திருந்தார், எனக்கும் மூத்தவர். கீபோர்டுக்குக் கல்லூரிப் பையன்.

கடைசிக் காட்சி பற்றிச் சொல்ல வேண்டும். சுவாமிகளுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. பாட்டாலேயே வாழ்ந்தவர் வாய் திறக்க முடியாமல் கட்டிலில் கிடக்கிறார். பையன்களே நடிக்கிற அவருடைய பாலர் சபையின் பையன் ஒருவன் பக்கத்தில் நின்று பாடுகிறான். எட்டுப் பாட்டில் இதற்குத்தான் நான் உயிரைக் கொடுத்தேன். சிம்மேந்திர மத்தியம ராகம், சுருதி ஐந்தரைக் கட்டை, சரணத்தில் மேல் காந்தாரம் வரை ஏறி அங்கேயே ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, நிற்கும்.

பாடுகிறவன் ஒன்பதாம் வகுப்புப் பையன். அப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. குரல் இருக்கிறதே, அந்த மேல் காந்தாரத்தில் கொலுசு மணி மாதிரிதான் விழுந்தது. மிருதங்க அண்ணன் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். நான் வெட்கமில்லாமல் இரண்டாவது முறை பாடச் சொன்னேன்.

ஜூன் 30, ஞாயிறு

ஒத்திகைக்குப் போகும் வழியில் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. டி.ஆர். சுந்தரம் கட்டிய ஸ்டுடியோவில் மிச்சம் அது ஒன்றுதான். கீபோர்டுப் பையன் அதன் முன்னால் நின்று செல்பி எடுத்தான். நூற்றுக்கு மேல் படம் எடுத்த இடம், 1956இல் அலிபாபாவைக் கலரில் எடுத்த இடம் என்றெல்லாம் சொன்னேன். தலையாட்டினான். இங்கே மந்திரி குமாரிக்கு இசையமைத்த ஜி. ராமநாதன், நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்துத்தான் மேலே வந்தவர் என்றதும் திரும்பிப் பார்த்தான். "அப்ப உங்க லைன்தானா தாத்தா?" லைன் அதுதான், நான் பாதியில் இறங்கிவிட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

ஏழாவது பாட்டு முடிந்தது. உப்புப் பண்டகசாலைப் பாட்டு. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி விசைத்தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்திலேயே போட்டுவிட்டேன், கணக்குப் பிள்ளைகள் மூட்டை எண்ணுகிற மாதிரி நடை. ரொம்ப அழகாக நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. தறி நின்றது. அடுத்த வரியிலேயே என் தாளம் ஓட ஆரம்பித்துவிட்டது. இத்தனை நேரமும் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது தறிதான் போலிருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

பையன் இரண்டு வாரமாக ஒத்திகைக்கு வரவில்லை. பரீட்சை, ஜலதோஷம் என்று சொல்லி அனுப்பினான். இன்று வந்தான். வாய் ஓரத்தில் பனங்கற்கண்டு, சட்டைப் பையில் அதிமதுரம். பல்லவி தப்பித்தது. அனுபல்லவியில் மேல் சட்ஜத்தைத் தொடப்போனபோது குரல் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி கீழே விழுந்தது.

மாடியில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பையன் சிரிக்கவில்லை. மிருதங்க அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார்: "மகரக்கட்டு."

மீசை முளைக்கிற வயதில் பையன்களின் குரல் உடைவதற்குப் பேர் அது. அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் காலராவுக்கு அடுத்தபடி பயந்தது இதற்குத்தான் என்பார் அப்பா. மைக் கிடையாது. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் குரல் ஐந்து கட்டைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நேற்று வரை கூட்டத்தைக் கட்டிப்போட்ட பையனுக்கு மகரக்கட்டு வந்துவிட்டால் மறுநாள் முதல் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிற சேவகன் வேஷம். குரல் திரும்பி வந்தால் உண்டு, வராவிட்டால் சமையல்கட்டு, இல்லாவிட்டால் ஊருக்கு டிக்கெட்.

தம்பி என்னைத் தனியே கூப்பிட்டார். இசைப்பள்ளியில் ஒரு பெண் இருக்கிறாளாம், நாளைக்கே வருவாளாம், அதே சுருதியில் பாடுவாளாம். நானும் சரி என்றேன். எனக்கு மெட்டு முக்கியம்.

ஜூலை 15, திங்கள்

தூக்கமில்லை. மெட்டு முக்கியம் என்று சொன்னேன் அல்லவா, அது தொண்டையில் நின்றது.

சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். சுற்றி முழுக்கப் பையன்கள். அவர்களுடைய குரலெல்லாம் உடைவதைப் பார்த்துக்கொண்டுதானே அவர் பாட்டு எழுதியிருப்பார்? அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் கொலுசு மணிக் குரலோடுதான் நிற்க வேண்டும் என்று யார் சொன்னது?

காலை ஆறு மணிக்குத் தம்பிக்குப் போன் போட்டேன். பெண் வேண்டாம், எனக்கு ஒரு வாரம் கொடுங்கள் என்றேன். "அய்யா, டைம் இல்லைங்களே" என்றார். கொஞ்சம் கோபமாகவே பேசிக்கொண்டோம்.

ஜூலை 17, புதன், ஆடி 1

பையனைப் பட்டறையிலேயே போய்ப் பார்த்தேன். ஆடிக்கு வேலை நெருக்கடி, அவனும் கொலுசுக்கு முத்துக் கோத்துக்கொண்டிருந்தான். "நான் வரல தாத்தா" என்றான். அந்தத் 'தாத்தா'வுக்குள்ளேயே இரண்டு குரல்.

அவன் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பெட்டியில் ஒவ்வொரு கட்டையாக அமுக்கி 'ஆ' சொல்லச் சொன்னேன். இரண்டு கட்டையில் ஆரம்பித்தால் சுத்தமாக வருகிறது. அங்கிருந்து மேலே ஒரு ஸ்தாயிகூட முழுதாக இல்லை, அதற்குள் உடைகிறது. வயலுக்கு வரப்பு பார்க்கிற மாதிரி இரண்டு ஓரத்தையும் குறித்துக்கொண்டேன்.

மேல் சட்ஜத்தையே தொடாமல் ஒரு பாட்டு வேண்டும். அப்படிப்பட்ட ராகங்களை நம் ஆட்கள் எப்போதோ செய்துவைத்திருக்கிறார்கள். நாதநாமக்கிரியை, புன்னாகவராளி, செஞ்சுருட்டி எல்லாம் நிஷாதத்தோடு திரும்பிவிடும். தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் காவடிக்கும் பக்கத்து வீட்டு ராகங்கள். நான் செஞ்சுருட்டியை எடுத்துக்கொண்டேன். சட்ஜத்தை நான்கு கட்டையில் வைத்தால் கீழ்த் தைவதம் சரியாக அவனுடைய அடி வரப்பில் வந்து உட்காருகிறது, பஞ்சமம் மேல் வரப்பில். ஆறு சுரம்தான். ஆறு சுரத்துக்குள் ஒரு பையன் தன் வாத்தியாரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும்.

கீபோர்டுப் பையனிடம் சொன்னேன். "அதுக்கெதுக்கு தாத்தா புது மெட்டு? டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கினா பழைய பாட்டே கீழ வந்துருமே" என்றான். சுருதி கீழே வரும், பாட்டின் அகலம் குறையாதேடா என்றேன்.

ஜூலை 21, ஞாயிறு

சிம்மேந்திர மத்தியமத்தை நோட்டில் பென்சிலால் அடித்தேன். பேனாவால் அடிக்க மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 3, சனி, ஆடி 18

ஒத்திகை இல்லை. தம்பி மேட்டூர் போய்விட்டார், ஊரே போய்விட்டது. முன்பணம் கொடுப்பதாகச் சொன்ன ஒரு புரவலர் இப்போது போனை எடுப்பதில்லை என்று மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு. இரவு பதினொன்றரை

முடிந்து வந்து எழுதுகிறேன். விரல்கள் வலிக்கின்றன.

கூட்டம் ஒரு முந்நூறு பேர் இருக்கும். முதல் பாட்டில் மைக் கரகரத்தது. 'காயாத கானகத்தே'வை ராஜபார்ட்டுக்காரர் எடுத்தபோது பின்வரிசைக் கிழவர்கள் கூடவே பாடினார்கள். உப்புப் பாட்டில் நான் ஓடினேன், மிருதங்க அண்ணன் காலைப் பிடித்து இழுக்கிற மாதிரி இழுத்துப் பிடித்தார்.

கடைசிக் காட்சி. கட்டில். பையன் வந்து நின்றான். ஒரு மாதத்தில் அரை அங்குலம் வளர்ந்திருக்கிறான், வேட்டி கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. நான் கீழ்த் தைவதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு துருத்தியை மெதுவாக விட்டேன். எடுத்தான். பேசுகிற மாதிரி, கரடுமுரடாக. சரணத்தில் இரண்டாவது முறை பஞ்சமத்துக்குப் போகும்போது குரல் உடைந்தது. ஒத்திகையில் உடையாத இடம். என் விரல் தன்னால் அந்தச் சுரத்தை அமுக்கி மூடப்போனது, எடுத்துவிட்டேன்.

முன்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். பையன் நிறுத்தவில்லை, உடைந்ததோடேயே அந்த வரியை முடித்தான். அப்போது ஒரு சத்தம். சுவாமிகள் வேஷக்காரர் கண்ணைத் திறக்காமல், வராத கையை விட்டுவிட்டு வருகிற கையின் ஒற்றை விரலால் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்கிரிப்டில் இல்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவுமில்லை. மிருதங்க அண்ணன் வாத்தியத்திலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். கடைசி நான்கு ஆவர்த்தனம் அந்த விரல் மட்டும்தான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மாலையில் பையன் வந்தான். தட்டுவடை செட் வாங்கி வந்திருந்தான், காரம் கூடுதலாக. பெட்டியைத் திறக்கச் சொல்லி அவனே கட்டையை அமுக்கிப் பார்த்தான். கீழே இன்னும் ஒரு கட்டை இறங்கியிருக்கிறது.

"அந்தப் பழைய பாட்டு இருக்குதுங்களா தாத்தா, அடிச்சிட்டீங்களா?"

நோட்டை எடுத்துக் காட்டினேன். பென்சில் கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, இதை ஒரு கட்டையில் வாசியுங்கள் என்றான்.