வாய்மொழி உத்தரவு

அரசு மருத்துவமனை ஒன்றின் மருந்துக் கிடங்கில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஆட்சியும் சுகாதாரமும் என்று யாராவது பேச்சை எடுத்தால் உடனே பட்ஜெட்டுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு ஞாபகம் வருவது ஒரு ஃபோன் கால்.

அது காய்ச்சல் சீசன். வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். தினமும் மாலை நான்கு மணிக்குள் கணக்கு மேலே போயாக வேண்டும். அன்றைக்கு மேலேயிருந்து ஃபோன்: “டெங்குன்னு போடாதீங்க, வெறும் காய்ச்சல்னு போடுங்க.” எழுத்தில் ஒரு வரி கிடையாது. அமைச்சர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்பதுதான் என் ஊகம். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எந்தச் செய்தியைக் கேட்டால் அவர் முகம் மாறும் என்று நடுவில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்தால் போதும், மீதி தானாக நடக்கும்.

பத்து நாள் கழித்து, கூடுதல் சலைனும் பரிசோதனைக் கிட்டும் கேட்டு மேலே இன்டென்ட் (தேவைப் பட்டியல்) போட்டேன். திரும்பி வந்துவிட்டது. ‘தங்கள் அறிக்கையின்படி டெங்கு நோயாளிகள் எவரும் இல்லை; கூடுதல் தேவைக்கான காரணம் தெரிவிக்கவும்.’ நாங்கள் எழுதிய பொய் எங்களிடமே விளக்கம் கேட்டது.

பிற்பாடு தென்னாப்பிரிக்காவின் எய்ட்ஸ் கதையைப் படித்தபோது, ஒரு கிடங்குக்காரனாக என்னை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. மருந்து இருந்தது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி தொற்றாமல் தடுக்கிற நெவிராபின். பிரசவ வலி கண்ட தாய்க்கு ஒரே ஒரு மாத்திரை, பிறந்த மூன்று நாளுக்குள் குழந்தைக்கு ஒரு வேளை சொட்டு மருந்து. உகாண்டாவில் செய்த ஆய்வு 1999-லேயே வந்துவிட்டது: தொற்று குழந்தைக்குப் போவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. குளிர்பெட்டி வேண்டாம், ஊசி வேண்டாம். போதாததற்கு, தயாரித்த கம்பெனியே 2000-ல் ஐந்து வருஷத்துக்கு இலவசமாகத் தருகிறேன் என்றது. இதைவிடச் சுலபமான சரக்கை நான் என் சர்வீஸில் கையாண்டதில்லை.

ஆனால் அதிபர் தாபோ எம்பெக்கிக்கு, எச்ஐவி கிருமியால்தான் எய்ட்ஸ் வருகிறதா என்றே சந்தேகம். விளைவு: மாகாணத்துக்கு இரண்டு என ஒன்பது மாகாணங்களில் 18 இடங்களில் மட்டும் ‘சோதனை முறையில்’ மருந்து. மற்ற அரசு மருத்துவமனைகளில் டாக்டர் மனசு வைத்தாலும் எழுதித்தர அனுமதியில்லை. வெஸ்டர்ன் கேப் மாகாணம் அந்த வரம்பை மீறிக் கொடுத்தது. அதாவது முடியாத காரியம் ஒன்றும் இல்லை. சிகிச்சைக்காகப் போராடிய அமைப்பு கோர்ட்டுக்குப் போய், 2002 ஜூலை 5-ம் தேதி அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கச் சொன்னது.

அதற்கப்புறமும் 2006-ல் டொரண்டோ எய்ட்ஸ் மாநாட்டில் தென்னாப்பிரிக்க அரசின் அரங்கில் பூண்டும் எலுமிச்சையும் பீட்ரூட்டும் எய்ட்ஸுக்குக் கைவைத்தியம் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். 2000 முதல் 2005 வரை எச்ஐவி மருந்து கொடுப்பதில் செய்த தாமதத்தால் 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, 35,000 குழந்தைகள் தொற்றோடு பிறந்தன என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னால் கணக்குப் போட்டார்கள். 2008 செப்டம்பரில் எம்பெக்கி விலகினார், சுகாதார அமைச்சர் மாறினார். அதே கட்டடங்கள், அதே நர்ஸுகள். அடுத்த சில ஆண்டுகளில் உலகத்திலேயே பெரிய எச்ஐவி சிகிச்சைத் திட்டம் அந்த நாட்டில்தான் நடந்தது.

நல்ல தலைவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இதை வைத்துச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடுத்த ஆள் வந்து கலைத்துவிட்டால்? தாய்லாந்தில் 2001-ல் ஆட்சிக்கு வந்த பிரதமர் தக்சின், ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனால் 30 பாட் (அந்த ஊர்ப் பணம்) மட்டும் கட்டினால் போதும் என்று திட்டம் கொண்டுவந்தார். மறு வருஷமே அதைச் சட்டமாக்கினார்கள். இத்தனை பேர் பதிவு, இத்தனை பணம் என்று தலைக்கணக்கில் நிதி போனது. 2006-ல் ராணுவம் அவரையே தூக்கியடித்தது. திட்டத்தில் மட்டும் கை வைக்க முடியவில்லை. வந்தவர்கள் அந்த 30 பாட்டையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஃபோனில் வந்தது ஃபோனிலேயே போய்விடும். சட்டப் புத்தகத்தில் ஏறியதைக் கிழிக்க ஆள் யோசிப்பான்.

என் விஷயத்துக்கு வருகிறேன். அன்று அந்த ஃபோனுக்கு நான் “சரிங்க சார்” என்றுதான் சொன்னேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டாக் ரெஜிஸ்டரின் ஓரத்தில் மட்டும் ஒவ்வொரு நாளும் உண்மையான எண்ணிக்கையைப் பென்சிலில் குறித்து வைத்தேன். பேனாவில் எழுதத் தைரியம் வரவில்லை. மாற்றலாகிப் போகும்போது புது ஆளிடம் அதைத் திறந்து காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். “ரப்பர் இருக்கா சார்?” என்று கேட்டார்.