கெட்டியான ஆயில்தான் நல்ல ஆயிலா?

சென்ற சித்திரையில் மன்னார்குடியில் என் மோட்டார் சைக்கிளை ஆயில் மாற்றக் கொடுத்திருந்தேன். கையேட்டில் 10டபிள்யூ-30 என்று தெளிவாக அச்சிட்டிருந்தும், "நம்ம ஊரு வெயிலுக்கு அது தண்ணி மாதிரி ஓடிரும் சார், கெட்டியா இருந்தாத்தான் இஞ்சினுக்கு நல்லது" என்று சொல்லி மெக்கானிக் 20டபிள்யூ-50 ஊற்றிவிட்டார். அடுத்த சில வாரங்களில் வண்டியின் இழுவை மந்தமானது. லிட்டருக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் குறைந்ததாகவும் என் கணக்கு சொன்னது. அதன் பிறகுதான் கேனில் இருக்கும் எண்களைப் பொறுமையாகப் படிக்கத் தொடங்கினேன்.

அந்த எண்கள் சொல்வது ஆயிலின் பாகுநிலையை, அதாவது அது எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதை. பாகுநிலை என்ற சொல்லிலேயே பாதி விளக்கம் இருக்கிறது. அதிரசத்துக்குக் காய்ச்சும் வெல்லப் பாகு அடுப்பில் இருக்கும்வரை கரண்டியிலிருந்து வழிந்தோடும்; இறக்கி ஆறவைத்தால் இறுகிக்கொண்டே போகும். ஆயிலும் அவ்வாறே சூட்டில் இளகி, குளிரில் தடிக்கிறது என்பதால்தான் அதற்கு இரண்டு எண்கள் தேவைப்படுகின்றன. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 10டபிள்யூ ஆயிலில் என்ஜின் எளிதாகச் சுழலுமா என்பதை உறைநிலைக்குக் கீழே 25 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலில் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் நம் டெல்டாவில் அந்தக் குளிர் வரப்போவதில்லை. நமக்கு முதன்மையானது இரண்டாவது எண். அது 100 டிகிரி செல்சியஸில் அளந்த பாகுநிலையைச் சொல்கிறது: 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (பாகுநிலையை அளக்கும் அலகு), 40 என்றால் 16.3க்குள், 50 என்றால் 21.9க்குள்.

இங்கேதான் மெக்கானிக்கின் வாதம் தவறுகிறது. வெளியே 30 டிகிரியோ 40 டிகிரியோ, ஓடிச் சூடேறிய என்ஜினுக்குள் ஆயில் ஏறத்தாழ 100 டிகிரியை ஒட்டித்தான் வேலை செய்கிறது. அந்தச் சூட்டையும் பேரிங்குகளுக்கு இடையே உள்ள மிக நுண்ணிய இடைவெளியையும் கணக்கிட்டுத்தான் தயாரிப்பாளர் எண்ணை முடிவு செய்கிறார். தேவைக்கு மேல் தடித்த ஆயில், காலையில் வண்டியைக் கிளப்பியதும் என்ஜினின் மேல்பகுதிக்கு ஏறத் தாமதமாகிறது. தேய்மானம் மிகுதியாக நிகழும் நேரமும் அதுவே. ஆகவே எண் கூடினால் தரம் கூடும் என்ற எண்ணத்தை நான் கைவிட்டுவிட்டேன். தேய்ந்து ஆயில் குடிக்கும் பழைய என்ஜினுக்கு ஒரு படி தடித்ததை ஊற்றுவதில் மட்டும் நியாயம் உண்டு; அதுவும் கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள்.

எண் பொருந்தினால் மட்டும் போதாது. கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கியிருக்கும் மோட்டார் சைக்கிளுக்கு ஜாசோ என்ற ஜப்பானியத் தர அமைப்பின் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறி இருக்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். ஏ.பி.ஐ. என்ற அமெரிக்க பெட்ரோலிய நிறுவனத்தின் தரக் குறியீட்டில் எஸ் என்று தொடங்குவது பெட்ரோலுக்கு, சி என்று தொடங்குவது டீசலுக்கு. டீசல் எரியும்போது உண்டாகும் கரியைப் படியவிடாமல் மிதக்கவைக்கும் சேர்மானங்கள் பின்னதில் மிகுதி.

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவைக்குச் சேற்றுழவு தொடங்கிவிடும். அதற்கு முன்பாக அப்பாவின் டிராக்டருக்கு அதன் கையேட்டில் உள்ளபடி 15டபிள்யூ-40 வாங்கினேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த கேனைத் திருப்பி, சி.ஐ.-4 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.