வளவுப் பேச்சும் குழுப் பேச்சும்

காரைக்குடிக்கு அருகே இருக்கும் எங்கள் பூர்விக வீடு பதினொரு பங்காளிகளுக்குப் பொதுவானது. அவர்களில் ஊரோடு இருப்பவர்கள் இருவர்தாம். மற்றவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலுமாகச் சிதறிக் கிடக்கிறோம். சென்ற ஐப்பசி மழையில் வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டின் ஓட்டுக்கூரை ஒழுகத் தொடங்கியபோது, பழுதுபார்க்கும் வேலைக்கான பேச்சு முழுவதும் வாட்ஸப் குழுவிலும், அதற்கான வரவுசெலவு முழுவதும் என் தம்பி மகள் பெங்களூரில் இருந்தபடி தொடங்கிவைத்த கூகுள் ஷீட்டிலும் நடந்தன.

கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொத்தனார் கூலி, ஓடு, மரச்சட்டம், வண்டி வாடகை என ஒவ்வொரு வரிக்கும் எதிரே ரசீதின் படம் இருந்தது. எந்தத் தொகையை யார் எப்போது மாற்றினார் என்பதும் அதில் பதிவாகிவிடும். பழைய பேரேட்டில் கணக்கப்பிள்ளை அடித்துத் திருத்திய இடம் எப்படித் தெரியுமோ, அப்படி. சிக்கல் வந்தது பேச்சில்தான்.

எண்பதைக் கடந்த என் பெரியப்பாவுக்குக் கைப்பேசியில் தட்டச்சு வராது, குரல்பதிவுதான். பழைய ஓடுகளில் உடையாதவற்றைப் பிரித்தெடுத்துத் திரும்பப் போட வேண்டும், தகரம் வேண்டாம் என்று காரணங்களோடு நான்கு நிமிடம் பேசி அனுப்பினார். அதற்குத் தம்பி மகளிடமிருந்து வந்த பதில், உயர்த்திய கட்டைவிரல் ஒன்று. அன்றிரவே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "நாலு நிமிஷம் பேசியிருக்கேன்ப்பா. கட்டைவிரலைக் காட்டிட்டுப் போயிட்டா."

அவளோ அதற்குள் தகரத்துக்கான வரியைக் கணக்கிலிருந்து நீக்கி, ஓடு பிரிக்கும் கூலியைச் சேர்த்திருந்தாள். அவர் சொன்னது முழுவதும் நடந்துவிட்டது. அவருக்குப் பதில் மட்டும் கிடைக்கவில்லை.

பிறகு அவளுடைய செய்திகளை வரிசையாகப் படித்துப் பார்த்தேன். "ரசீது ஏத்தியாச்சு", "நாளைக்குக் கேக்கணும்", "பணம் வந்தாச்சு." ஒன்றில்கூட யாரையும் விளித்த சொல் இல்லை, ஆள் காட்டும் விகுதியும் இல்லை. கேட்டபோது அவள் சொன்ன விளக்கம் என்னை அசர வைத்தது. அதே குழுவில் ஐயாவும் (பெரியப்பாவை அவள் அப்படித்தான் அழைப்பாள்) இருக்கிறார், அவள் வயதுப் பையன்களும் இருக்கிறார்கள். "பாருங்க" என்று எழுதினால் பையன்கள் கேலி செய்வார்கள், "பாரு" என்றால் ஐயா மனம் கோணுவார். ஆகவே இரண்டும் வராதபடி எழுதப் பழகிவிட்டாளாம். வினைமுற்றிலேயே மரியாதையை வைத்திருக்கும் மொழியில், எல்லோருக்கும் ஒரே வரியை அனுப்பச் சொன்னால் பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்?

எங்கள் வீடுகளில் முகப்பில் வந்தவரோடு பேசும் பேச்சு வேறு. அதைத் தாண்டி, முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் பங்காளிகள் கூடிப் பேசுவது வேறு. இரண்டாங்கட்டில் பெண்கள் பேசிக்கொள்வது முற்றிலும் வேறு. வாட்ஸப் குழு என்பது இந்தக் கட்டுகளையெல்லாம் இடித்து ஒரே கூடமாக்கிய வீடு.

இளையவர்களுக்குத் தமிழில் முறையாக எழுத வராது என்று நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதை இப்போது திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. 2003 முதல் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதிவரும் தமிழ் விக்கிப்பீடியாவில் அவளும் அவ்வப்போது எழுதுகிறாள். எங்கள் வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை என்பதையும், கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையால் வார்க்கிறார்கள் என்பதையும் அங்கே சேர்த்தபோது, முகம் தெரியாத ஒருவர் உரையாடல் பக்கத்தில் சான்று கேட்டிருக்கிறார். "வணக்கம். தாங்கள் சுட்டியது சரியே" என்று தொடங்கும் அவளுடைய பதில் ஒன்பது வரி, அடியில் கையொப்பமும் நேரமும். நான்கு அலைக்குறிகளை இட்டால் அவை தாமாகவே விழுமாம். அந்தப் பதில் எப்போதும் அங்கே இருக்கும். அழித்தாலும் பக்க வரலாற்றில் கிடைக்கும்.

எங்கள் குழுவிலோ, படங்கள் இடத்தை அடைக்கின்றன என்று பங்காளி மகன் ஒருவன் மறையும் செய்தி வசதியை இயக்கிவிட்டிருந்தான். வாட்ஸப்பில் 2020 இல் அது வந்தபோதே ஏழு நாள் கணக்குத்தான். இரண்டு பங்காளிகள் செலவுக்கு ஒப்புக்கொண்ட செய்தி எட்டாம் நாள் காணாமற்போக, அதில் ஒருவர் தாம் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். வருத்தம் இன்னும் தீரவில்லை. ரங்கூனிலிருந்து வந்த கடிதங்களைத் தகரப்பெட்டியில் போட்டுவைத்த வீடு இது.

கார்த்திகைக் கடைசியில் கூரை வேலை முடிந்தது. தம்பி மகள் குழுவில் வழக்கம்போல "முடிஞ்சாச்சு" என்று மட்டும் எழுதினாள். பெரியப்பாவுக்குத் தனியே ஒரு குரல்பதிவு அனுப்பியிருக்கிறாள். அதை அவர் எனக்குப் போட்டுக் காட்டினார். "ஐயா" என்று தொடங்கி, எத்தனை பழைய ஓடுகள் திரும்ப ஏறின என்பது வரை சொல்லியிருந்தாள்.