கேமரா கைக்குப் போகும் முன்

ஊர்க்காரர்களே படம் எடுத்து, அதைப் பற்றி அவர்களே பேசும் ஆய்வுமுறைக்குப் பெயர் போட்டோவாய்ஸ். 1990களில் சீனாவின் யுன்னான் மாகாணக் கிராமப் பெண்களோடு கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் உருவாக்கியது. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களோடு செய்வதானால் முதல் நாளே போனைக் கொடுத்துவிடாதீர்கள். பேரப்பிள்ளையும் கோயில் கோபுரமும்தான் வரும். முதலில் பயிற்சி.

குழுவுக்கு 7 முதல் 10 பேர் போதும். சுற்றிய பீடிக்குத்தான் கூலி. பயிற்சியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அவ்வளவும் நட்டம். அதற்கு என்ன தருவோம் என்பதைக் கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள்.

சம்மதத் தாள் மூன்று: கலந்துகொள்பவருக்கு ஒன்று, படத்தில் வருகிறவருக்கு ஒன்று, வெளியிட ஒன்று. மூன்றாவது தாளை, எடுத்த படத்தைக் காட்டிய பிறகுதான் வாங்க வேண்டும். பெரும்பாலும் தவறுவது இங்கேதான். கேட்பதை ஜோடி ஜோடியாக நடித்துப் பழகட்டும்: “யக்கா, நீங்க சுத்துறத ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டுமா? கூட்டத்துல காட்டுவோம். வேண்டாம்னா விட்ருதேன்.” மறுப்பதையும் பழக வேண்டும். நம்மூரில் யாரும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்பதில்லை. “இப்ப வேலை கெடக்கு” என்றாலே மறுப்புதான்.

பீடிக்கடையில், சுற்றிக் கொடுத்த பீடிக்கட்டுகளைச் சரியில்லை என்று கழித்துப் போடுகிறவர் முகம் படத்தில் விழுந்தால், எடுத்தவருக்கு நாளைக்குச் சுற்ற இலை கிடைப்பது சந்தேகம். ஆகவே முகம் இல்லாமல் கதை சொல்லப் பழக்குங்கள்: மடியில் சுளகு, கத்தரி, புகையிலைத் தூள் ஏறிய விரல்நுனி. பாஸ்புக்கை எடுத்தால் பெயர், எண்மேல் கட்டைவிரல் இருக்கட்டும். போன் கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள்.

வெளிச்சத்துக்காக எல்லோரும் வாசல் நடையில் உட்கார்ந்து சுற்றுவார்கள். வீட்டுக்குள்ளிருந்து தெருவைப் பார்த்து எடுத்தால் ஆள் கருத்துப்போகும். தெருப்பக்கம் நின்று எடுத்தால் விரலும் தெளியும். லென்ஸில் தூள் படியும், முந்தானையால் துடைத்தால் போதும். ஆளுக்கு ஐந்து படம். அதற்கு மேல் பேச நேரம் இருக்காது.

பிறகு மாதிரிக்கு ஒரு படத்தை வைத்து ஐந்து கேள்வி: என்ன தெரிகிறது, உண்மையில் என்ன நடக்கிறது, நம் வாழ்க்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு, ஏன் இப்படி, என்ன செய்யலாம்? ‘ஏன்’ வந்ததும் “எல்லாம் தலையெழுத்து” என்று பேச்சு நின்றுவிடும். நீங்கள் காரணம் எடுத்துக் கொடுக்காதீர்கள். “யாருக்கு இப்படி இல்ல?” என்று திருப்பிக் கேளுங்கள், பேச்சு மறுபடி கிளம்பும்.

எடுக்க நினைத்து எடுக்காமல் விட்ட படங்களையும் காரணத்தோடு குரல் பதிவில் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். பல நேரம், எடுத்த படத்தைவிட விஷயம் அதில்தான் இருக்கும்.